செருப்பில் ஒட்டிய கரிசல்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது, "நான் என்னத்தப்பா எழுதறது?" என்று தயங்கினேன். விடுதிச் சாம்பார், கேண்டீன் கடன், கடைசி பெஞ்ச், அரியர் எழுதிய கதை எல்லாவற்றையும் என் செட்டுக்காரர்கள் முந்தைய மலர்களிலேயே எழுதித் தீர்த்துவிட்டார்கள். யோசித்துப் பார்த்ததில், நாலு வருடமும் நம் எல்லோரோடும் கூடவே வந்து, யாரும் எழுதாமல் விட்ட ஒன்று மிச்சம் இருந்தது. மண்.

ஞாபகம் இருக்கிறதா? ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பஸ் நிறுத்தத்திலிருந்து வகுப்புக்கு வரும் குறுக்குப் பாதையில் பத்தடி நடப்பதற்குள் செருப்பு செங்கல் கனம் கனத்துவிடும். இன்னும் பத்தடி நடந்தால் செருப்பு அங்கேயே நின்றுவிடும், நாம் மட்டும் வருவோம். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்த பசங்கள் குச்சியை வைத்துச் சுரண்டிக்கொண்டு நிற்பார்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துப் பிள்ளைகளான நாங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சாதாரணமாகப் போய்விடுவோம். அவ்வளவுதான் அப்போது எங்களுக்கு இந்த மண்ணைப் பற்றித் தெரிந்திருந்தது.

மூன்றாம் வருடம் மண் ஆய்வுக்கூடத்தில் அதே மண் கண்ணாடி உருளைக்குள் வந்தது. சிவில் படித்தவர்களுக்கு அந்தச் சோதனை மறக்காது. சலித்துக் காயவைத்த மண் பத்து கிராம் ஒரு உருளையில், பத்து கிராம் இன்னொன்றில். ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் வாலை வடிநீர். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் மண்ணெண்ணெயில் இருந்தது இருந்தபடியே கிடக்கும். தண்ணீரில் இருந்தது ஊறிய அரிசி போலப் பொங்கியிருக்கும். எங்கள் குழுவுக்குக் கிடைத்த அளவு, பாடப்புத்தகம் 'மிக அதிகம்' என்று போட்டிருக்கும் எல்லையைத் தாண்டிவிட்டது. ரெக்கார்டு நோட்டில் முடிவு என்ற இடத்தில் 'பிரச்சினைக்குரிய மண்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். மண்ணின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் 'பிளாக் காட்டன் சாயில்' என்று எழுதினோம். நாலு வருடத்தில் எத்தனை தடவை அந்தப் பெயரை எழுதியிருப்போம்! நடுவில் இருக்கும் அந்த 'காட்டன்' அங்கே எதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நாங்கள் ஒருத்தரும் கேட்கவில்லை. வீட்டில் பருத்தி வெடித்துக் கிடந்த எனக்கே தோன்றவில்லை.

அதை எனக்குக் கேட்க வைத்தது ஒரு சுவர்.

2009இல் பட்டம் வாங்கினேன். 2011இல், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், எங்கள் கரிசக்காட்டு ஓரத்தில் வத்தல் மூட்டையும் விதையும் போட்டு வைக்க ஒரு அறை கட்டினேன். இன்ஜினியர் மகன் கட்டுகிற முதல் கட்டடம். சித்திரை வெயிலில், மண் கல் மாதிரி இறுகிக் கிடந்த சமயத்தில், மூன்றடி வானம் தோண்டி, கருங்கல் போட்டு, சிமெண்டில் பூசி நிமிர்ந்தேன். அந்த ஐப்பசி கார்த்திகை மழை முடிந்தபோது ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் கோணலாக ஒரு விரிசல். கதவு நிலையோடு பொருந்த மாட்டேன் என்றது. அப்பா விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இந்த மண்ணு வருசத்துக்கு ஒருக்க மூச்சு இழுத்து விடும்லே. அது நெஞ்சு மேல பெட்டிய வச்சா தூக்கத்தான செய்யும்" என்றார். படித்தவன் எனக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. கண்ணாடி உருளையில் பார்த்ததும் காட்டில் இருப்பதும் ஒரே மண்தான் என்பது என் மண்டையில் அன்றுதான் ஏறியது.

அதற்குப் பிறகுதான் இந்த மண்ணின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒரு பங்கைத்தான் இங்கே எழுத முடியும்.

முதலில் ஒரு திருத்தம். வைவாவில் "கரிசல் எப்படி உண்டாயிற்று?" என்று கேட்டபோது, "எரிமலைக் குழம்புப் பாறையிலிருந்து" என்று நான் கம்பீரமாகச் சொல்லி மார்க்கும் வாங்கினேன். அது மகாராஷ்டிரத்துக் கரிசலுக்குச் சரி. நம்மூர்க் கரிசலுக்கு அடியில் எரிமலைப் பாறை கிடையாது. நைஸ் என்கிற பழைய பாறைதான். மழை குறைந்த, வெயில் மிகுந்த சமவெளியில், அந்தப் பாறை மெல்லச் சிதைந்து, சுண்ணாம்பும் மக்னீசியமும் நீரோடு ஓடிப்போகாமல் அங்கேயே தங்கி இந்தக் களிமண்ணாக ஆனது. தோண்டினால் உருண்டை உருண்டையாகச் சுக்கான் கல் வருகிறதே, அது அந்தச் சுண்ணாம்பின் மிச்சம். கறுப்பாக இருப்பதால் உரச்சத்து நிறைந்த மண் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கக கரிமம் பெரும்பாலும் அரை சதவீதத்துக்கும் கீழேதான். தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவு. சாம்பல் சத்து உண்டு, சுண்ணாம்பு தேவைக்கு மேலேயே உண்டு.

இதன் செல்வம் வேறு இடத்தில் இருக்கிறது. மண்ணில் பாதியளவு களி. அந்தக் களியில் பெரும்பகுதி மாண்ட்மோரில்லோனைட் என்ற வகை. சீட்டுக்கட்டைப் போல அடுக்கடுக்கான மெல்லிய தகடுகள். தண்ணீர் தகடுகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கும். காய்ந்தால் மறுபடி நெருங்கிக்கொள்ளும். அந்தத் தகடுகளை எல்லாம் பிரித்து விரித்தால் ஒரே ஒரு கிராமுக்கு 800 சதுர மீட்டர் வரை பரப்பு வரும். நம் கணக்கில் சொன்னால் சுண்டுவிரல் நுனியில் எடுத்த களிக்குள் இருபது சென்ட் நிலம். அத்தனை பரப்பிலும் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். ஒரு மீட்டர் ஆழக் கரிசல், பயிர் உறிஞ்சிக்கொள்ளக்கூடிய தண்ணீராக 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை பிடித்து வைக்கும். கோவில்பட்டி வட்டாரத்தில் வருட மழையே 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். ஆறு கிடையாது, பல ஊர்களில் கிணறு வெட்டினால் உவர்நீர். அந்த நாட்டில் மார்கழி முதல் பங்குனி வரை மழையே இல்லாமல் பருத்தி பச்சையாக நின்று வெடித்தது என்றால், அது குடித்தது இந்தக் களி பிடித்து வைத்த தண்ணீரைத்தான்.

என் சுவரைப் பிளந்ததும் அதே தண்ணீர்தான், நண்பர்களே. சுவருக்கு ஒரு மண், பருத்திக்கு ஒரு மண் என்று இரண்டு கிடையாது. பொங்காத கரிசல் என்று ஒன்று இருந்தால் அதில் மானாவாரிப் பருத்தி நிற்காது.

செருப்பு விஷயத்துக்கு மறுபடி வருகிறேன். மழை பெய்த பிறகு கரிசலுக்குள் ஏர் இறக்க முடியாது; கொழுவில் ஒட்டும், மாட்டின் குளம்பில் ஒட்டும், ஆளை இழுக்கும். காய்ந்து பதத்துக்கு வருவதற்குள் பருவம் போய்விடும். அதனால் கரிசல்காரர்கள் மழைக்கு முன்னாலேயே, புழுதியில் விதைத்தார்கள். புரட்டாசியில் வானம் வெறுமையாக இருக்கும்போது விதையைக் காய்ந்த மண்ணுக்குள் இரண்டு அங்குல ஆழத்தில் போட்டுவிட்டு மேற்கேயும் கிழக்கேயும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏன் அந்த ஆழம்? மேலே போட்டால் ஒரு தூறலுக்கே முளைத்துவிடும். அடுத்த மழை வருவதற்குள் கருகிவிடும். ஆழத்தில் கிடந்தால் நல்ல மழை ஒன்று நனைத்த பிறகுதான் முளைக்கும். விதைக்கே கதவும் தாழ்ப்பாளும் போட்டு வைத்த மாதிரி. வேளாண் விஞ்ஞானிகள் இதை வாரக் கணக்கில் ஆராய்ந்து, பருவமழைக்கு முன் விதைப்பு என்று பெயரிட்டு, செப்டம்பர் நடுவிலிருந்து மாதக் கடைசிக்குள் விதையுங்கள் என்று பரிந்துரைத்தார்கள். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிறதே, அந்த வெடிப்புக்கும் வேலை உண்டு. முதல் மழைத் தண்ணீர் மேலே ஓடிவிடாமல் அதன் வழியாக நேரே அடிமண்ணுக்கு இறங்கும்.

இந்த வித்தையெல்லாம் யார் கொண்டுவந்தது? விஜயநகரக் காலத்திலும் அதற்குப் பின்னும் தெலுங்கு பேசும் குடியானவர்கள் வடக்கேயிருந்து தெற்கே வந்து, ஆற்றுப் பாசன நெல் நிலங்களை விட்டு, யாரும் அதிகம் தொடாத கரிசல் பரப்புகளில் குடியேறினார்கள். தக்காணத்துக் கறுப்பு மண்ணை உழுது பழகியவர்களுக்கு இங்கே அதே மண் கிடைத்தது. ஆங்கிலப் புத்தகங்களில் கரிசலை 'ரேகர்' என்பார்கள். அந்தச் சொல்லே தெலுங்கு. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) இந்தக் குடியேற்றத்தைக் கதையாகச் சொல்கிறது. ஜூனியர்கள் வாசித்திருக்காவிட்டால் வாசித்துவிடுங்கள். இடைசெவல் நம்ம கல்லூரியிலிருந்து ஒரு பஸ் தூரம்தான்.

வந்தவர்களும் முன்னமே இருந்தவர்களும் சேர்ந்து சோளம், கம்பு, குதிரைவாலி, உளுந்து, பாசி, மல்லி, மிளகாய் எல்லாம் விளைத்தார்கள். ஆனால் காசு என்றால் பருத்திதான். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பருத்தி வருவது நின்றுபோயிற்று. லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்திக்குக் கை நீட்டின. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போன திருநெல்வேலிப் பருத்திக்கு விலை ஏறியது. 1876இல் மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓட ஆரம்பித்தது. நாம் விடுமுறைக்கு ஊர் போன அதே தடம்தான்! பருத்திப் பொதி ஏறத்தான் அந்தத் தடம் இந்தக் காட்டு வழியே வந்தது என்று சொன்னாலும் தப்பில்லை. ஹார்வி சகோதரர்கள் 1885இல் பாபநாசத்தில் நூல் ஆலை தொடங்கினார்கள்; பிறகு தூத்துக்குடியில் கோரல் மில், 1892இல் மதுரையில் மதுரா மில். 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பின்னால் நின்றவர் கரிசல் பூமியின் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.; கூடவே சுப்பிரமணிய சிவா. தொழிலாளிக்கு ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன, வ.உ.சி.க்குக் கிடைத்தது சிறையும் செக்கும். அந்த ஆலையில் பஞ்சாகப் பறந்துகொண்டிருந்தது இந்தக் காட்டுப் பருத்திதான் என்பதை வரலாற்றுப் புத்தகங்கள் ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

வெள்ளைக்காரர்களுக்கு நம் பருத்தியில் ஒரு குறை. இழை குட்டை. நீள இழை வேண்டும் என்று 1840களிலேயே ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளரைக் கோயம்புத்தூரில் உட்காரவைத்து அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்த்தார்கள். பெரிய வெற்றி இல்லை. 1900களின் தொடக்கத்தில் கம்போடியப் பருத்தி வந்தது. அது செவல் மண்ணில், கிணற்றுப் பாசனத்தில் நன்றாக வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் பரவி அங்கே ஆலைகள் பெருகத் துணை செய்தது. கரிசலில், மழையை மட்டும் நம்பி நின்றது நாட்டுப் பருத்தியான கருங்கண்ணிதான். 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. நாட்டிலேயே பழைய பண்ணைகளில் அது ஒன்று. நாலு வருடம் அதைத் தாண்டிப் போய்வந்தும் நான் உள்ளே கால் வைத்ததில்லை. கருங்கண்ணியில் அவர்கள் வெளியிட்ட ரகங்களுக்குத்தான் கே.7, கே.8, கே.11 என்று பெயர். 'கே' என்றால் கோவில்பட்டி.

கருங்கண்ணி எப்படிப்பட்டது என்றால், ஆணிவேரை நேரே கீழே இறக்கிவிடும். கோடை நெருங்க நெருங்க மேல்மண் வெடித்துப் பக்கவேர்களை அறுக்கும். அதற்குள் ஆணிவேர் ஈரத்தைத் தொட்டிருக்கும். சாறு உறிஞ்சும் பூச்சிகளையும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். எங்கள் அப்பாவின் சிறு வயதில் மருந்து தெளிப்பான் என்ற பொருளே வீட்டில் இல்லையாம். பஞ்சு ஆலைக்கு, கொட்டை மாட்டுக்கு, மார் அடுப்புக்கு. செடியில் வீணாகப் போனது எதுவும் இல்லை.

பிறகு என்ன ஆயிற்று? வேகம் பிடித்த ஆலை இயந்திரங்கள் நீள இழையைக் கேட்டன. ஒட்டு ரகங்கள் வந்தன. கூடவே மருந்துக் கடைகளும் வந்தன. 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு விதை என்பது கடையில் வாங்கும் பாக்கெட் ஆகிவிட்டது. கோழிப் பண்ணைகள் தீவனத்துக்கு மக்காச்சோளம் கேட்டன. கரிசலில் அதுவும் நன்றாக வந்தது, செலவும் கூலியும் குறைவு. எங்கள் காட்டிலும் அப்பா மக்காச்சோளத்துக்கு மாறினார். 2018இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்ற வருடம் மூட்டைக் கணக்கு சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கருங்கண்ணியைக் கைவிட்டதற்காக அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பருத்தி எடுக்க ஆள் கிடைக்காமல், எடுத்த பஞ்சுக்கு விலையும் கிடைக்காமல் நின்றவரிடம் பாரம்பரியம் பேசுவது சம்பளக்காரன் பேச்சு. கருங்கண்ணிக்கு உரிய விலை தருகிற சந்தை இருந்தால் அவரே முதல் ஆளாக விதைத்திருப்பார்.

2021இல் தங்கை கல்யாணத்துக்காக ரோட்டோர மூன்று ஏக்கரை விற்றோம். ஆறே மாதத்தில் வெள்ளைக் கல் நட்டு மனைகளாகப் பிரித்துவிட்டார்கள். நாலுவழிச் சாலை ஓரமாகக் கோவில்பட்டியிலிருந்து இருபுறமும் போய்ப் பாருங்கள், கரிசலில் கொடிதான் பறக்கிறது. அங்கே மனை வாங்கியவர்களில் ஒருவர் எங்கள் தூரத்துச் சொந்தம். "மாப்ள, நீயே பிளான் போட்டுக் குடு" என்று வந்து நின்றார். மறுக்க முடியவில்லை. சொல்லப்போனால், என்னைவிட மோசமாக யாராவது அந்த மண்ணில் கட்டிவிடப் போகிறார்களே என்ற பயமும் இருந்தது.

இந்தத் தடவை மூன்றடி வானம் தோண்டவில்லை. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்த முறை ஒன்று உண்டு. அடியில் குமிழ் வைத்த தூண் அஸ்திவாரம். தூணின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு விட்டத்தில் அடியில் ஒரு குமிழ். ஆழமான கரிசல் என்றால் தூண் குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2911. காரணம் எளிமையானது. மழைக்கும் வெயிலுக்கும் மண் பொங்கிச் சுருங்குவது மேல் அடுக்கில்தான். அதற்குக் கீழே ஈரம் வருடம் முழுக்க ஏறக்குறைய மாறாது, மண் அசையாது. அங்கே போய்க் காலை ஊன்றிக்கொண்டால் மேலே அது மூச்சு விட்டாலும் வீடு நிற்கும். தரைமட்ட பீமுக்கு அடியிலும் மண் பொங்குவதற்கு இடைவெளி விட வேண்டும். இதையெல்லாம் பாடத்தில் பதினாறு மார்க் கேள்வியாகப் படித்தேன். பயன்படுத்த ஒரு சுவரைப் பலி கொடுக்க வேண்டியிருந்தது. கரிசலில் வீடு கட்டப்போகும் நண்பர்கள் யாராவது இருந்தால், கொத்தனார் "இதெல்லாம் வீண் செலவு சார்" என்று சொல்லும்போது தயவுசெய்து என் வத்தல் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். மனையை ஒட்டி வேப்பமரமும் வேண்டாம். அது சுவர்ப் பக்கத்து ஈரத்தை உறிஞ்சி ஒரு பக்கத்தை மட்டும் இறக்கிவிடும்.

துளை போட்டது வைகாசியில். மேலே வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போனது. அப்பாவும் வந்து, விற்ற நிலமாயிற்றே என்று வரப்புக்கு வெளியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாலைந்து அடி வரை துளைப்பானில் வந்தது வெறும் கட்டி. ஒன்பதாவது அடியில் வந்த மண் வேறு மாதிரி இருந்தது. கறுத்து, வழவழப்பாக, மெழுகு போல. அக்கினி நட்சத்திர வெயிலில் அதைத் தொட்டால் குளிர்ந்தது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஒரு பாலிதீன் பையில் கட்டினேன். அப்பா வரப்பைத் தாண்டி வந்து, குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் வைத்து உருட்டினார். உருண்டை உடையவில்லை.

"போன கார்த்திகத் தண்ணிலே இது" என்றார். "இன்னும் இருக்கு பாரு."